தடுக்கும் கடமை இல்லாத காவலாளி: அணுக்கழிவுக் காவலும் விலக்குகளின் வரலாறும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலம். அங்கே கடல் உள்ளே புகுந்து வரும் ஒரு ஆற்றங்கரையில் விஸ்காசெட் என்ற சின்ன ஊர். ஊருக்குப் பக்கத்தில் ஒரு தீபகற்பம். அதன் நடுவில் காங்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் வரிசையாக 64 பெரிய காங்கிரீட் உருளைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் வேலி, கேமரா, காவலாளிகள். பக்கத்தில் தொழிற்சாலை எதுவும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. மெய்ன் யாங்கி என்ற அணுமின் நிலையம். 1972-இல் ஓட ஆரம்பித்து 1996-இல் நின்றுபோனது. அதன் கோபுரக் கூட்டை 2004 செப்டம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2005-க்குள் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அந்த 64 கலன்கள் மட்டும்தான்.

இப்போ கேள்வி. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ ஒருத்தர் அந்த வேலியில் ஏறுகிறார். அலாரம் அடிக்கிறது. காவலாளி பார்க்கிறார். அமெரிக்காவின் அச்சான விதிப்படி, அவர் செய்தே ஆக வேண்டிய வேலை என்ன?

ஓடிப்போய்ப் பிடிக்கணும், துப்பாக்கியை எடுக்கணும் என்று நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இப்படிப்பட்ட சேமிப்பு இடங்களுக்கான பொது விதியில் ஒரு வரி இருக்கிறது. அச்சுறுத்தலை இடைமறித்து முறியடிக்க வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து உரிமதாரருக்கு விலக்கு. அதாவது அவர் கண்டுபிடிக்க வேண்டும், என்ன ஏது என்று உறுதிப்படுத்த வேண்டும், தகவல் சொல்ல வேண்டும். தடுத்து நிறுத்துவது அந்த விதி அவர்மேல் வைத்த கடமை இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே இருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தனியாக ரகசிய உத்தரவுகள் உண்டு, அதற்கும் வருவோம். எனக்குக் குடைச்சல் கொடுத்த விஷயம் வேறு. உலகத்திலேயே மிகக் கவனமாகக் காக்க வேண்டிய பொருள்களில் ஒன்று. அதன் காவல் விதியிலேயே 'விலக்கு' என்ற சொல் எப்படி வந்தது? ஒரு முறை வந்தது ஏன் திரும்பத் திரும்ப வந்தது? அந்த வரலாறுதான் இன்றைய எபிசோட்.

கலனுக்குள் என்ன இருக்கிறது

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். அணு உலையில் யுரேனியத்தை விரல்நுனி அளவு வில்லைகளாகச் செய்து, நீளமான உலோகக் குழாய்களில் அடுக்கி, அந்தக் குழாய்களைக் கட்டுக்கட்டாக உலைக்குள் இறக்குவார்கள். சில ஆண்டுகளில் அது தன் வேலையை முடித்துவிடும். வெளியே எடுக்கும்போது புது எரிபொருளைவிடப் பல மடங்கு ஆபத்தானது. கவசம் இல்லாமல் பக்கத்தில் நின்றால் சில நிமிடங்களில் உயிரைக் கொல்லும் அளவு கதிர்வீச்சு. வெப்பமும் ஜாஸ்தி. அதனால் நேராக ஆழமான தண்ணீர்க் குளத்துக்குள் வைத்துவிடுவார்கள். தண்ணீர்தான் கவசம், தண்ணீர்தான் குளிர்விப்பு.

சில ஆண்டுகள் கழித்துச் சூடு தணிந்ததும் எஃகுப் பெட்டிக்குள் போட்டு, ஈரத்தை நீக்கி, ஹீலியம் நிரப்பி, மூடியைப் பற்றவைத்துவிடுவார்கள். அந்தப் பெட்டி ஒரு தடித்த காங்கிரீட் உருளைக்குள் போகும். உருளையில் காற்று நுழைய ஓட்டைகள் உண்டு. சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே வரும். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. இதைத்தான் உலர் கலன் என்கிறார்கள். அமெரிக்காவில் முதன்முதலில் 1986-இல் வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி நிலையத்தில் இந்த முறைக்கு உரிமம் கொடுத்தார்கள்.

ஒரு கலன் 100 டன்னுக்கு மேல் எடை. இதை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதனால் இங்கே பயம் திருட்டைப் பற்றியது இல்லை, நாசவேலையைப் பற்றியது. வெடிகுண்டு வைத்து உடைத்தால் என்ன ஆகும், எவ்வளவு வெளியே வரும், காற்று எங்கே கொண்டுபோகும். காவல் விதிகள் எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

1998 ஜனவரி 31

இந்தக் கதையில் ஒரு தேதியை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. 1998 ஜனவரி 31.

ஆரம்பத்தில் இந்த எரிபொருளைக் கரைத்துப் பிரித்து மறுபடி பயன்படுத்தலாம் என்றுதான் அமெரிக்கா நினைத்தது. நிலையங்களில் குளங்களைச் சின்னதாகக் கட்டியதற்கு அதுதான் காரணம். கொஞ்ச நாள் வைத்திருந்தால் போதும், லாரி வந்து எடுத்துக்கொண்டு போய்விடும் என்ற கணக்கு. 1977-இல் அதிபர் கார்ட்டர் அந்தத் திட்டத்தை நிறுத்தினார். பிரித்தெடுக்கும் புளூட்டோனியம் ஆயுதமாகிவிடும் என்ற கவலை. லாரி வரவில்லை. குளங்கள் நிரம்ப ஆரம்பித்தன.

1982-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அணுக்கழிவுக் கொள்கைச் சட்டம். ஒப்பந்தம் எளிமையானது. மின்நிறுவனங்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கட்ட வேண்டும். பதிலுக்கு மத்திய அரசின் எரிசக்தித் துறை 1998 ஜனவரி 31-க்குள் கழிவை எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கும். 1987-இல் நெவாடா பாலைவனத்தில் யக்கா மலையை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்றும் முடிவானது.

இந்த நம்பிக்கைக்கு நடுவில்தான், 1990-இல், நம் கதையின் முக்கியமான விதி வந்தது. அமெரிக்காவில் அணுமின் நிலையங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். சுருக்கமாக என்.ஆர்.சி. ஏற்கெனவே ஓடும் நிலையத்துக்கு உரிமம் வைத்திருப்பவர், அதே வளாகத்தில் கலன்களை வைத்துக்கொள்ளத் தனி உரிமம் கேட்க வேண்டாம், பொது உரிமமே போதும் என்றது அந்த விதி.

காவலுக்கு என்ன ஏற்பாடு? நிலையத்துக்கு இருக்கும் அதே காவல் திட்டம்தான் கலன்களுக்கும். கூடவே சில சலுகைகள். உள்ளே வருபவரைக் கருவி வைத்துச் சோதிக்காமல் கையால் தடவிச் சோதித்தால் போதும். கேமராவுக்குப் பதில் ரோந்து போகும் காவலாளி கண்ணால் பார்த்தாலும் சரி. கடைசிச் சலுகைதான் நான் முதலில் சொன்னது. எதிர்த்து நின்று முறியடிக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

1990-இல் நின்று பார்த்தால் இதில் தப்பே இல்லைங்க. கலன் பாறை மாதிரி. அது நிற்பது ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தின் வளாகம். அங்கே ஆயுதம் ஏந்திய பாதுகாப்புப் படை ஏற்கெனவே இருக்கிறது. கலன்களுக்கென்று இன்னொரு படை எதுக்கு? அதுவும் எட்டு வருஷத்தில் அரசாங்கம் வந்து எடுத்துக்கொண்டு போகப்போகிறது.

அந்த விதிக்குள் சொல்லாமல் இரண்டு அனுமானங்கள் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் நிலையம் இருக்கும். கழிவு சீக்கிரம் போய்விடும். இரண்டும் ஒரே சமயத்தில் பொய்யாயின.

நிலையம் போனது, கழிவு நின்றது

அதற்கு முன்னால் ஒரு சின்னச் சம்பவம். 1993 பிப்ரவரி 7 காலை. பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் நிலையம். 1979-இல் விபத்து நடந்த அதே இடம். ஒரு ஆள் காரை ஓட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி, வேலியை உடைத்து, டர்பைன் கட்டடத்தின் ஷட்டர் கதவை இடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவரைக் கண்டுபிடிக்கச் சுமார் நான்கு மணி நேரம் ஆனது. அவரிடம் ஆயுதமோ குண்டோ இல்லை. மூன்றே வாரத்துக்குள், பிப்ரவரி 26 அன்று, நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தளத்தில் ஒரு வேன் குண்டு வெடித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த என்.ஆர்.சி., 1994-இல் நிலையங்கள் வாகனத் தடுப்புகள் அமைக்க வேண்டும் என்று விதி போட்டது. கவனிச்சீங்களா, காவல் விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் வளர்கின்றன. ஏதோ ஒன்று நடந்த பிறகு.

நிலையங்கள் மூடப்படுவது அதே காலத்தில்தான் தொடங்கியது. மாசசூசெட்ஸின் யாங்கி ரோ 1992-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. கனெக்டிகட் யாங்கியும் மெய்ன் யாங்கியும் 1996-இல் ஓட்டத்தை நிறுத்தின. பிறகு 1998 ஜனவரி 31 வந்தது. போனது. எரிசக்தித் துறை ஒரு கட்டு எரிபொருளைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வைக்க இடம் தயாராக இல்லை.

அப்போ இந்த மூன்று நிறுவனங்களும் என்ன செய்ய முடியும்? குளத்தை இடிக்கணும் என்றால் எரிபொருளை எங்கேயாவது வைக்கணும். கலன்களில் வைத்தார்கள். யாங்கி ரோவில் 16, கனெக்டிகட் யாங்கியில் 43, மெய்ன் யாங்கியில் 64. பிறகு நிலையத்தை இடித்தார்கள். காவல் படை, கட்டுப்பாட்டு அறை, என்ஜினியர்கள் எல்லாம் போனார்கள். கலன்கள் நின்றன. 'பக்கத்தில் நிலையம் இருக்கும்' என்று எழுதிய விதி, நிலையமே இல்லாத தளத்தைக் காவல் காக்க ஆரம்பித்தது.

லாக்கர் அறைக் கதை

இங்கே எங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன். எங்க அப்பா ஒரு வங்கியில் வேலை பார்த்தார். ஒரு முறை அவருடைய கிளையை வேறு தெருவுக்கு மாற்றினார்கள். மேசை, நாற்காலி, கேஷ் கவுண்ட்டர் எல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போயிற்று. லாக்கர் அறை மட்டும் சில மாதம் பழைய கட்டடத்திலேயே இருந்தது. ஆனால் விதிப் புத்தகம் முழுக் கிளைக்கு எழுதினது. தினமும் காலையில் இரண்டு அதிகாரிகள் சேர்ந்து திறக்கணும், கேஷ் கணக்கை முடித்த பிறகு மூடணும். அந்தக் கட்டடத்தில் கேஷே இல்லை! அப்பா தினமும் இல்லாத கேஷுக்குக் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, இந்தக் கட்டடத்துக்கு இது தேவையில்லை என்று.

விலக்கு என்றால் அதுதான். அமெரிக்க அணுக்காவல் விதிகளில் அதற்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. ஒரு விலக்கு மூன்று சோதனையில் தேற வேண்டும். சட்டம் அதை அனுமதிக்கிறதா? உயிருக்கோ உடைமைக்கோ நாட்டின் பாதுகாப்புக்கோ ஆபத்து வராமல் இருக்குமா? பொதுநலனுக்கு உகந்ததா? மூன்றுக்கும் ஆம் என்றால் விலக்கு.

நல்ல உதாரணம் ஒன்று. புயல் வருகிறது, அல்லது ஏதோ அவசரம். காவலாளிகளின் உயிரைக் காப்பாற்றச் சில காவல் நடவடிக்கைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கிறது. அதற்கு உரிமம் பெற்ற மூத்த உலை இயக்குநர் ஒப்புதல் தர வேண்டும் என்கிறது விதி. ஓடும் நிலையத்தில் அது சரி. மூடின நிலையத்தில் உலையே ஓடவில்லை, அப்படி ஒரு பதவியே இல்லை. யார் கையெழுத்துப் போடுவார்? 2013-க்குப் பிறகு வரிசையாக நிலையங்கள் மூடப்பட்டபோது ஒவ்வொன்றாக வந்து கேட்டன. எரிபொருளைக் கையாளச் சான்றிதழ் பெற்ற ஊழியர் ஒப்புதல் தரட்டும் என்று. என்.ஆர்.சி. கொடுத்தது. இதை யார் குறை சொல்ல முடியும்?

பெரும்பாலான விலக்குகள் இந்த மாதிரிதான். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமானவை. அதனால்தான் இந்த வரலாற்றில் வில்லன் யார் என்று தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 11-க்குப் பிறகு

மூடிய நிலையங்களுக்கு ஒரே பொது விதி எழுதலாமே, ஒவ்வொருவரும் விலக்கு கேட்டு வரிசையில் நிற்க வேண்டாமே என்று என்.ஆர்.சி. ஊழியர்களுக்கே தோன்றியது. 2000-இல் அதற்கான வேலை நடந்தது. 2001 பிப்ரவரியில், மூடிய நிலையங்களின் குளங்களில் விபத்து நடந்தால் என்ன ஆகும் என்று ஒரு பெரிய ஆய்வையும் வெளியிட்டார்கள். ஏழு மாதத்தில் செப்டம்பர் 11. கவனம் எல்லாம் ஓடும் நிலையங்களின் பாதுகாப்புக்குத் திரும்பியது. மூடிய நிலையங்களுக்கான விதி மூட்டை கட்டி வைக்கப்பட்டது.

2002-இல் என்.ஆர்.சி. அவசர உத்தரவுகள் போட்டது. ஓடும் நிலையங்களுக்கு, மூடிய நிலையங்களுக்கு, உலர் கலன் தளங்களுக்கு என்று தனித்தனியாக. கூடுதல் காவல் நடவடிக்கைகள் என்னென்ன என்பது ரகசியம். நியாயம்தான், வேலியின் பலவீனத்தை ஊருக்கெல்லாம் சொல்ல முடியுமா? ஆனால் அதன் விளைவைப் பாருங்க. அச்சான விதியைப் படிக்கிற சாதாரணக் குடிமகனுக்கு 'முறியடிக்க வேண்டியதில்லை' என்ற வரி தெரிகிறது. அதன்மேல் என்ன போர்த்தியிருக்கிறார்கள் என்பது தெரியாது. விலக்கு பகிரங்கம். பரிகாரம் ரகசியம்.

2009 மார்ச்சில் ஓடும் நிலையங்களுக்கான காவல் விதியை முழுசாகத் திருத்தி எழுதினார்கள். 2010 மார்ச் 31-க்குள் அமல்படுத்த வேண்டும். அந்தத் தேதிக்குள் கட்டி முடிக்க முடியாது என்று ஓடும் நிலையங்கள் பலவே அவகாச விலக்கு கேட்டு வாங்கின. கலன்களுக்கான விதி நிலையத்தின் விதியைச் சுட்டி எழுதப்பட்டது என்று சொன்னேன் இல்லையா? அதனால் உலையே இல்லாத தளங்கள்மீதும் புது விதியின் நிழல் விழுந்தது. மறுபடி விலக்கு மனுக்கள். மறுபடி லாக்கர் அறைக் கதை.

கேட்டவர்கள்

இதையெல்லாம் யாரும் கேள்வி கேட்கவே இல்லையா? கேட்டார்கள்.

கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் 1969-இல் வியட்நாம் போரை எதிர்த்துச் சில தாய்மார்கள் ஒரு அமைப்பு ஆரம்பித்தார்கள். 'அமைதிக்கான தாய்மார்கள்' என்று பெயர். பக்கத்தில் டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையம் வந்ததும் அவர்கள் கவனம் அதன்மேல் திரும்பியது. அங்கே உலர் கலன் தளம் அமைக்க அனுமதி கொடுத்தபோது, பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால் சுற்றுச்சூழல் என்ன ஆகும் என்று ஏன் ஆராயவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அப்படி நடக்கும் வாய்ப்பு வெறும் ஊகம் என்பது என்.ஆர்.சி. பதில். 2006 ஜூனில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தாய்மார்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு பக்கம் தாக்குதலை எதிர்பார்த்துக் காவலைக் கூட்டிக்கொண்டே, இன்னொரு பக்கம் அது ஊகம் என்று சொல்ல முடியாது என்பதுதான் அதன் சாரம்.

என்.ஆர்.சி. ஆராய்ந்தது, பாதிப்பு பெரிதாக இருக்காது என்றது. எந்த ஆதாரத்தில் என்று காட்டுங்கள், மூடிய அறையில் விசாரணை வைத்தாலும் சரி என்றார்கள் தாய்மார்கள். அது கிடைக்கவில்லை. 2011-இல் அதே நீதிமன்றம் என்.ஆர்.சி. பக்கம் நின்றது. இதற்கிடையில் 2009-இல், நியூ ஜெர்சியின் ஒரு நிலையம் தொடர்பான வழக்கில், மூன்றாம் வட்ட நீதிமன்றம் பயங்கரவாதத்தை ஆராய வேண்டியதில்லை என்று நேர் எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஒரே நாடு, ஒரே சட்டம், மேற்குக் கரைக்கு ஒரு பதில், கிழக்குக் கரைக்கு ஒரு பதில்.

இன்னொரு வழக்கு விலக்கு என்ற முறையைப் பற்றியே. நியூயார்க் பக்கத்து இந்தியன் பாயின்ட் நிலையம். இது தீப் பாதுகாப்பு விஷயம், காவல் இல்லை. ஆனால் விலக்கு முறை ஒன்றுதான். மின்கம்பிகளைச் சுற்றிய கவசம் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும் என்பது விதி. சில இடங்களில் 24 நிமிடம் தாங்கினால் போதும் என்று விலக்கு கொடுத்தார்கள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்கவில்லை. 2013 ஜனவரியில் இரண்டாம் வட்ட நீதிமன்றம், ஏன் கேட்கவில்லை என்று விளக்குங்கள், இல்லையென்றால் கேளுங்கள் என்று திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பு விலக்கை ரத்து செய்யவில்லை. ஆனால் ஒரு விஷயத்தைத் தொட்டது. விதி எழுதும்போது மக்கள் கருத்துச் சொல்லலாம், அதற்கு நடைமுறை இருக்கிறது. அதே விதியிலிருந்து விலக்கு கொடுக்கும்போது அந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை.

நடுநிலையாக ஒன்றையும் சொல்லணும். காங்கிரஸ் கேட்டு தேசிய அறிவியல் கழகம் ஒரு ஆய்வு செய்தது. அதன் பொதுவெளிப் பிரதி 2005-இல் வந்தது. பெரிய கவலை குளங்களைப் பற்றியதுதான் என்றது அந்த அறிக்கை. தண்ணீர் வடிந்துபோனால் சில சூழ்நிலைகளில் எரிபொருள் உறையே தீப்பிடிக்கலாம். உலர் கலன்கள் அதைவிடப் பாதுகாப்பானவை, ஒவ்வொன்றிலும் எரிபொருள் குறைவு, குளிர்விக்க இயந்திரம் வேண்டாம். ஆக விஸ்காசெட்டின் கலன்கள், ஓடும் பல நிலையங்களின் நிரம்பிய குளங்களைவிட நல்ல நிலையில்தான் இருக்கின்றன. பீதி கிளப்புவது என் நோக்கம் இல்லை.

எழுதப்படாத விதி

கலன் தளங்களுக்கென்று ஒரு முறையான காவல் விதி எழுத வேண்டும் என்று 2007-இல் என்.ஆர்.சி. முடிவு செய்தது. 2002-இன் அவசர உத்தரவுகளை விதியாக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். தாக்குதல் நடந்தால் வேலிக்கு வெளியே இருப்பவருக்கு இத்தனை அளவு கதிர்வீச்சுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு வைக்கலாம், அதைத் தாண்டும் இடங்களில் காவலாளிகள் தடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லலாம் என்ற யோசனை வந்தது. அதாவது, நான் ஆரம்பத்தில் கேட்ட கேள்வியை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். 2009-இல் வரைவு அடிப்படை வெளியானது. பிறகு தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. 2019-இல் ஊழியர்கள், இப்போதிருக்கும் உத்தரவுகளே போதும், இந்த வேலையை நிறுத்திவிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2021-இல் ஆணையம் ஒப்புக்கொண்டது.

மூடிய நிலையங்களுக்கான பொது விதியோ, 2001-இல் மூட்டை கட்டியதுதான், 2022 மார்ச்சில் மறுபடி முன்மொழிவாக வெளியே வந்தது. நடுவில் 20 வருஷம். அந்த 20 வருஷமும் மூடிய ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாக விலக்கு வாங்கித்தான் காலம் தள்ளியது.

யார் செலவு, யார் பொறுப்பு

காசு விஷயத்தையும் பார்த்துடலாம். மூன்று யாங்கி தளங்களிலும் கலன்களைக் காத்துப் பராமரிக்க ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்குச் சுமார் 1 கோடி டாலர் ஆகிறது. ஒப்பந்தத்தை மீறியது அரசு என்று நிறுவனங்கள் வழக்குப் போட்டு ஜெயித்தன. நாடு முழுக்க இப்படி அரசு கொடுத்த நஷ்ட ஈடு 1000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அது மின்கட்டணத்தில் பிடித்த நிதியிலிருந்து வரவில்லை, வரிப்பணத்திலிருந்து வருகிறது. யக்கா மலைத் திட்டம் 2010-இல் கைவிடப்பட்டது. கட்டணம் வசூலிப்பதை 2014-இல் நீதிமன்றம் சொல்லி நிறுத்தினார்கள். குழி இல்லாமல் குழிக்கு எதுக்குக் காசு என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

கலன்களைத் தற்காலிகமாக டெக்சாஸுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு தனியார் திட்டத்துக்கு 2021-இல் உரிமம் கொடுத்தார்கள். டெக்சாஸ் எதிர்த்தது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று, உரிம விசாரணையில் டெக்சாஸ் முறைப்படி ஒரு தரப்பாக இல்லை, அதனால் எதிர்த்து வழக்காட முடியாது என்றது. உரிமம் பிழைத்தது. விஸ்காசெட் கலன்கள் நகரவில்லை.

இப்போ அந்த ஊர்க்காரரின் இடத்தில் நின்று பாருங்க. நிலையம் ஓடின காலத்தில் ஊரின் வரி வருமானத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. வேலை கிடைத்தது. நிலையம் போனபோது வேலையும் வருமானமும் போயிற்று. கழிவு மட்டும் நின்றது. வேலியில் யாராவது ஏறினால் காவலாளி தகவல் சொல்வார். யாருக்கு? உள்ளூர்ப் போலீஸுக்கும்தான். திருட்டு, விபத்து, பனியில் சறுக்கின கார் என்று பார்க்கிற அந்தப் போலீஸ்தான் ஓடி வர வேண்டும். 1990-இன் விலக்கு ஒரு கடமையை நீக்கியது. நீக்கிய கடமை காற்றில் கரைந்துவிடாது இல்லையா? வேறு யாரோ ஒருவர் தோளில் போய் உட்காரும். அந்த ஒருவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதுதான் இந்த வரலாற்றில் எனக்குப் பட்டது. ஒவ்வொரு விலக்கையும் படித்தால் தலையாட்டத் தோன்றுகிறது. ஆனால் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தால், ஒரு நாடு எடுக்க வேண்டிய முடிவை எடுக்காமல் நாற்பது வருஷம் தள்ளிப்போட்டதன் ரசீதுக் கட்டு மாதிரி இருக்கிறது. 'இந்த விதி இந்த இடத்துக்குப் பொருந்தாது' என்று அத்தனை தடவை எழுதினார்கள். அப்படியென்றால் இந்த இடத்துக்குப் பொருந்தும் விதி எது என்று எழுதி முடிக்கவில்லை. எங்க அப்பாவின் லாக்கர் அறை சில மாதத்தில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது, அதனால் அந்தக் கடிதம் போதுமானதாக இருந்தது. விஸ்காசெட்டில் லாக்கர் அங்கேயேதான் இருக்கிறது.

இன்று அமெரிக்காவில் சுமார் 90,000 டன் பயன்படுத்தி முடித்த எரிபொருள், 70-க்கும் மேற்பட்ட இடங்களில் காத்திருக்கிறது. கூடங்குளம் பற்றி என்ன என்று சிலர் கேட்பீங்க. அது வேறு சட்டம், வேறு கொள்கை. அரைகுறையாகத் தொடாமல் தனியாகவே பேசுவோம்.

காவல் வேலை பார்க்கிறவர்கள், பார்த்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்க. 'பார், உறுதிப்படுத்து, தகவல் சொல், ஆனால் தடுக்க வேண்டியது உன் கடமை இல்லை' என்று ஒருத்தரிடம் சொல்லி ராத்திரி முழுக்க நிற்க வைத்தால், அவர் மனசுல என்ன ஓடும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.